தூக்க மருந்தை நிறுத்தியும் விழிக்காத நோயாளி: கொரோனாவில் மூளை, நரம்பு பாதிப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த அழைப்புச் சீட்டில் மூன்று வரிகள்தான் இருந்தன. "58 வயது ஆண். கொரோனா நிமோனியா, வென்டிலேட்டரில் 16-வது நாள். தூக்க மருந்து நிறுத்தி 60 மணி நேரம் ஆகியும் கண் விழிக்கவில்லை. நரம்பியல் கருத்து வேண்டும்."

2020-ன் பிற்பகுதி அது. இப்படிப்பட்ட சீட்டுகள் வாரத்துக்கு இரண்டு மூன்று வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: நுரையீரல் தேறிவருகிறது, ஆள் ஏன் எழவில்லை? இந்த நோயாளியைத் தேர்ந்து எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். கொரோனா மூளையையும் நரம்பையும் தசையையும் தொடும் வழிகளில் பாதிக்கு மேல் இவர் ஒருவரிடமே இருந்தன. அவற்றில் முதலாவது, அவர் சேர்ந்த அன்றே எங்கள் கைக்கு வந்தும் நாங்கள் அதைக் கவனிக்காமல் விட்டோம். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

சேர்ந்த நாள்

தொழில் கணக்காளர். பத்து ஆண்டுகளாக ரத்த அழுத்தம், ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை. இரண்டுக்கும் மாத்திரை சரியாக எடுத்துவந்தவர். பக்கவாதம், வலிப்பு, ஞாபக மறதி எதுவும் முன்பு இருந்ததில்லை. காய்ச்சலும் உடல்வலியும் தொடங்கிய மூன்றாம் நாள் வாசனை தெரியாமல் போனது. ஏழாம் நாள் மூச்சுத் திணறலோடு வந்தார். வெளிக்காற்றில் ஆக்சிஜன் அளவு 84 சதவீதம். சிடி ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் பரவலான நிமோனியா. ரத்தம் உறையும் போக்கைக் காட்டும் டி-டைமர் இயல்பு வரம்பைப்போல் நான்கு மடங்கு.

அன்று இரவு டியூட்டியில் இருந்த டாக்டர் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "இரண்டு நாளாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்கிறார் மனைவி." அதற்குக் கீழே, "சுயநினைவு தெளிவு, பேச்சு தெளிவு" என்று வழக்கமான குறிப்பு. பெயர், இடம், தேதி கேட்டிருக்கிறார்கள், சரியாகச் சொல்லியிருக்கிறார். விஷயம் அதோடு முடிந்துபோனது.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 6 மில்லிகிராம், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் தடுப்பு அளவில், மூக்கு வழியாக அதிவேக ஆக்சிஜன் என்று சிகிச்சை தொடங்கியது. அந்த ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வின் முடிவு வந்த பிறகு, ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுப்பதில் தயக்கம் இருக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு அவர் முகக்கவசத்தைப் பிடுங்கி எறிந்தார், கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். ஆக்சிஜன் குறைவால் வந்த பதற்றம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அது பாதி உண்மைதான். நான்காம் நாள் மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார்கள். ட்யூப் போடும் சமயத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 51 (மி.மீ. பாதரசம்) வரை இறங்கி, ஏறக் கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஆனது. இந்த எண்ணுக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

அடுத்த 13 நாட்களும் ஆழ்ந்த தூக்கத்தில் வைக்கப்பட்டிருந்தார். கொரோனா நுரையீரல் விறைத்துப்போன நுரையீரல். நோயாளியின் சொந்த மூச்சும் இயந்திரத்தின் மூச்சும் மோதிக்கொண்டே இருக்கும். அதனால் மிடசோலம் என்ற தூக்க மருந்து, ஃபென்டனில் என்ற வலிநீக்கி இரண்டும் தொடர் சொட்டாகவே போயின. குப்புறப் படுக்கவைத்த நான்கு நாட்களிலும், ஒவ்வொரு முறையும் 16 மணி நேரத்துக்கு, தசை தளர்த்தும் மருந்தும் சேர்ந்தது. இடையில் சிறுநீரகம் தளர்ந்து கிரியாட்டினின் 2.9-ஐத் தொட்டது. டயாலிசிஸ் இல்லாமலே இறங்கியும் வந்தது. நுரையீரல் தெளியத் தொடங்கிய 17-ம் நாள் காலை தூக்க மருந்துகள் நிறுத்தப்பட்டன.

படுக்கையருகே

பாதுகாப்பு உடை, இரட்டைக் கையுறை, மூச்சு பட்டு மங்கும் முகத்திரை. இவற்றோடு நரம்பியல் பரிசோதனை செய்வது கடினம். முழங்கால் சுத்தியல் கையில் வழுக்கும். கண்மணியின் அளவைப் பார்க்கக் குனிந்தால் திரையில் நீர் படிந்து ஒன்றும் தெரியாது. 13 நாட்களில் கண்மணி பார்த்தது தவிர வேறு நரம்பியல் பரிசோதனை எதுவும் பதிவாகவில்லை என்றால், அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் காரணம் இருப்பதால் குறை சரியாகிவிடாது.

கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நகத்தின் மேல் அழுத்தினால் இமை ஒரு கணம் பாதி உயர்ந்து மூடியது. கண்மணி இரண்டும் 3 மில்லிமீட்டர், வெளிச்சத்துக்குச் சுருங்கின. தலையை மெதுவாகத் திருப்பியபோது கண்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்தன. மூளைத்தண்டு வேலை செய்கிறது என்பது அதிலேயே தெரிந்தது.

அடுத்து நான் பார்த்ததுதான் முக்கியம். வலது கை நகத்தை அழுத்தியதும் முகம் நன்றாகச் சுளித்தது. புருவம் நெரிந்தது, பல் ட்யூபைக் கடித்தது. கை மட்டும் அசையவே இல்லை. இடது கையிலும் அப்படியே. கால்களில் கட்டைவிரல் லேசாக மடங்கியதோடு சரி. நான்கு கைகால்களும் துவண்டு கிடந்தன, சுத்தியல் தட்டுக்குப் பதில் வரவில்லை. ஓர் இடத்தில் மட்டும் வித்தியாசம்: இடது உள்ளங்காலைக் கீறியபோது கட்டைவிரல் மேல்நோக்கி எழுந்தது.

வலியை உணர்ந்து முகம் பதில் சொல்கிறது, கைகால் சொல்லவில்லை என்றால் அங்கே இரண்டு நோய்கள் இருக்கக்கூடும். ஒன்று மூளையில், மற்றொன்று தசையிலோ நரம்பிலோ. இந்த இடைவெளியைப் பார்க்காமல் "கை அசையவில்லை" என்பதை மட்டும் கோமா மதிப்பெண்ணில் போட்டால், நோயாளி உண்மையில் இருப்பதைவிட மிக மோசமாகக் காகிதத்தில் தெரிவார். அந்த மதிப்பெண்ணை வைத்து முடிவெடுக்கப்பட்ட நோயாளிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. இடது கட்டைவிரல் எழுந்தது மூன்றாவது நோய் ஒன்றும் இருக்கலாம் என்றது: உடலின் இடப்பக்கத்தை இயக்கும் வலது மூளையில் எங்கோ ஒரு அடைப்பு.

பரிசோதனைகள்

எளிதில் சரிசெய்யக்கூடியவற்றை முதலில் தேடினோம். சோடியம் 152, யூரியா ஏறியிருந்தது. அம்மோனியா, தைராய்டு, சர்க்கரை இயல்பு. தண்ணீர் கொடுத்து சோடியத்தை இரண்டு நாட்களில் மெதுவாக இறக்கினோம். விழிப்பில் பெரிய மாற்றம் இல்லை.

இஇஜியில் மூளை அலைகள் பரவலாக மந்தமாக இருந்தன. வெளியே தெரியாத வலிப்பு எதுவும் ஓடவில்லை. அதைவிட எனக்குத் தெம்பு தந்தது இன்னொன்று: காதருகே கையைத் தட்டியபோதும் தோளைக் கிள்ளியபோதும் அலைகளின் வேகம் மாறியது. வெளியுலகின் தூண்டுதல் உள்ளே போய்ச் சேர்கிறது என்பதற்கு அது அடையாளம்.

சிடி ஸ்கேனில் பெரிய ரத்தக்கசிவோ பெரிய அடைப்போ இல்லை. பல நேரம் தேடல் இங்கேயே நின்றுவிடும். "சிடி நார்மல்" என்று எழுதிவிட்டால் மூளையில் ஒன்றும் இல்லை என்றே எல்லோரும் படிப்பார்கள். ஆக்சிஜன் தேவை குறைந்ததும், நான்கு பேர் சேர்ந்து வென்டிலேட்டரோடு அவரை எம்ஆர்ஐக்குக் கொண்டுபோனோம். ரத்தத் துகள்களைக் காட்டும் படவரிசையில், இரண்டு மூளைப் பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்திலும், புறணிக்குச் சற்றுக் கீழே உள்ள வெண்பகுதியிலும் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள். நுண்ணிய ரத்தக்கசிவுகள். எண்ண முடிந்தவரை முப்பதுக்கு மேல். கூடவே வலது முன்மூளையில் புதிய சிறிய அடைப்பு ஒன்று. இடது கட்டைவிரல் எழுந்ததற்கு விடை அங்கே இருந்தது.

இந்தப் புள்ளிகளின் அமைப்பு தனித்தன்மை உள்ளது. ரத்த அழுத்தத்தால் வரும் கசிவுகள் மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் திரள்களில்தான் அதிகம் வரும். கார்பஸ் கலோசத்தில் குவிவது வேறு விஷயம். மிக உயரத்தில் மூளை வீக்கம் வந்து பிழைத்த மலையேறிகளிடம் ஏறக்குறைய இதே படத்தை முன்பே பார்த்திருக்கிறார்கள். ஒரு வைரஸ் நோயாளிக்கும் மலையேறிக்கும் பொதுவானது ஆக்சிஜன் பற்றாக்குறைதான். ட்யூப் போட்டபோது பதிவான அந்த 51 எனக்கு நினைவுக்கு வந்தது அப்போதுதான்.

முதுகுத் தண்டுநீர் எடுக்க ஹெப்பாரினைப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தோம். அணுக்கள் 2, புரதம் சற்றே அதிகம், சர்க்கரை இயல்பு. கொரோனா வைரஸுக்கான பிசிஆர் நெகடிவ். மூளையழற்சியை உண்டாக்கும் தன்னெதிர்ப் பொருட்களும் இல்லை. நரம்பு மின்கடத்தல் சோதனையில் இயக்க நரம்புகளின் அலை உயரம் குறைந்து அகலம் கூடியிருந்தது. உணர்வு நரம்புகள் நன்றாக இருந்தன. தீவிர நோயில் வரும் தசைநலிவின் கையெழுத்து அது. உடலின் நோயெதிர்ப்பு நரம்புகளையே தாக்கும் கில்லன் பாரே நோய் இல்லை என்பதும் அதிலேயே உறுதியானது. அதை உறுதிசெய்ய வேண்டியும் இருந்தது. கொரோனாவுக்குப் பின் ஐந்து முதல் பத்து நாட்களில் கில்லன் பாரே வந்த ஐந்து நோயாளிகளை வட இத்தாலிய மருத்துவர்கள் 2020 ஏப்ரலிலேயே பதிவு செய்திருந்தார்கள். அதற்கான சிகிச்சையும் வேறு.

ஆக, நாங்கள் எழுதிய நோய்நிர்ணயம் நீளமானது: ஆக்சிஜன் குறைவாலும் அழற்சியாலும் வந்த மூளைச் செயலிழப்பு, நுண்கசிவுகள், வலது முன்மூளையில் சிறு அடைப்பு, தீவிர நோய்த் தசைநலிவு, இவற்றின் மேல் உடலில் இன்னும் தேங்கியிருக்கும் மிடசோலம். கடைசியானதைக் குறைவாக எடைபோடக் கூடாது. மிடசோலம் கொழுப்பில் தேங்கும் மருந்து. கல்லீரல் அதை மாற்றியமைத்த பிறகு வரும் பொருளுக்கும் தூக்கம் தரும் குணம் உண்டு. அது வெளியேற வேண்டிய வழி சிறுநீரகம். கிரியாட்டினின் ஏறிய நாட்களிலும் சொட்டின் வேகம் மாறவில்லை என்பதை மருந்து அட்டையில் பார்த்தோம். மிடசோலத்தின் விளைவை முறிக்கும் மருந்து கொடுத்து எழுப்பிப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. வலிப்பு வரும் ஆபத்தை நினைத்து வேண்டாம் என்றோம்.

அடைப்பும் கசிவும் ஒரே மூளையில் இருந்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை என்ன செய்வது? கூட்டினால் கசிவு, நிறுத்தினால் அடைப்பு. அந்த வாரம் நாங்கள் அதிகம் பேசியது இதைத்தான். காலில் உறைகட்டி இல்லை என்று டாப்ளர் ஸ்கேனில் உறுதிசெய்துவிட்டு, ஹெப்பாரினைத் தடுப்பு அளவிலேயே தொடர்வது, பத்து நாள் கழித்து ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பார்த்துக் குறைந்த அளவில் ஆஸ்பிரின் சேர்ப்பது என்று முடிவானது. திரும்ப எடுத்த ஸ்கேனில் புதிய கசிவு இல்லை.

காத்திருந்த நாட்கள்

21-ம் நாள் கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி செய்யப்பட்டது. அதற்கு முந்தைய மாலை, தீவிர சிகிச்சை மருத்துவர் என்னைத் தனியே அழைத்து நேராகக் கேட்டார்: "இதற்கு மேல் கொண்டுபோவதில் அர்த்தம் இருக்கிறதா?" படுக்கைகள் நிரம்பிவழிந்த காலத்தில் அவருடைய கேள்வியில் தவறே இல்லை. மூளைத்தண்டு நன்றாக இருக்கிறது, இஇஜி தூண்டுதலுக்கு மாறுகிறது, எம்ஆர்ஐயில் இருப்பது சிதறிய புள்ளிகள், பெரிய பகுதி எதுவும் அழியவில்லை, கைகால் அசையாததற்குத் தசையில் விளக்கம் இருக்கிறது. இரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும் என்றேன். அவர் சரி என்றார்.

அன்று என்னிடம் இருந்தது இந்தப் படுக்கையருகே கண்டவை மட்டும்தான். பிறகு 2022-ல், வென்டிலேட்டரில் இருந்து உணர்விழந்த 795 கொரோனா நோயாளிகளை நியூயார்க், பாஸ்டன் மருத்துவமனைகளில் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. 72 சதவீதம் பேர் சொன்னதைச் செய்யும் நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். அதற்கு ட்யூப் போட்ட நாளிலிருந்து பாதிப் பேருக்கு ஏறத்தாழ 30 நாட்கள் ஆகியிருந்தன. வென்டிலேட்டரிலிருந்து எடுத்த பின்னும் பத்து நாளுக்கு மேல் விழிக்காமல் இருந்து பிறகு விழித்தவர்களும் இருந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் ஒருமுறையாவது 55-க்குக் கீழே போனவர்களுக்குத் தாமதம் அதிகம். எங்கள் நோயாளியின் 51-ஐ இந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

மனைவியும் மகளும் உள்ளே வர அனுமதி இல்லை. தினமும் மாலை ஐந்து மணிக்கு நானே போனில் பேசுவேன். "கண்ணு முழிச்சாரா டாக்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்று சொல்வதோடு நிறுத்தாமல், இன்று எது மாறியது, எது மாறவில்லை என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். பொய் நம்பிக்கை தரக் கூடாது, அதே சமயம் நான் பார்த்த முகச்சுளிப்பை அவர்களுக்குச் சொல்லாமல் இருக்கவும் கூடாது. மகளின் குரலைப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னோம். இரண்டு வேளையும் செவிலியர் அதை அவருடைய காதருகே ஓடவிட்டார்.

மருந்து நிறுத்திய ஒன்பதாம் நாள் காலை அந்தச் செவிலியர்தான் முதலில் பார்த்தார். உணர்வு திரும்பும் நோயாளியின் பார்வை எதையாவது பின்தொடர்கிறதா என்று பார்க்கக் கைக்கண்ணாடிதான் நல்ல கருவி. விரலையும் டார்ச்சையும் விட, தன் முகத்தைத்தான் மனிதக் கண் முதலில் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "ஐயா, இங்க பாருங்க" என்று மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினார். கண்கள் பின்னாலேயே வந்தன. இடப்பக்கமும் வந்தன. நான் போய் மறுபடி செய்து பார்த்தேன். நான்கில் மூன்று முறை வந்தன. மறுநாளுக்கு மறுநாள், "கண்ணை இரண்டு தடவை மூடித் திறங்க" என்றதும் செய்தார். கையால் செய்யச் சொல்லியிருந்தால் அன்றும் தோற்றிருப்பார், கை தூக்கும் தசை அவரிடம் இல்லை. ட்யூப் போட்டு அன்றோடு 24 நாட்கள்.

விழித்தவர் தெளிந்தவர் அல்ல. அடுத்த ஒரு வாரம் டெலிரியம் என்ற மனக்குழப்பம். பகலில் தூங்கினார், இரவில் போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். சொட்டு மருந்துக் கம்பியை யாரோ நிற்கும் ஆள் என்று நினைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதற்றம் கூடிய ஓர் இரவில் மிடசோலம் ஓர் ஊசி போடலாமா என்று போன் வந்தது. வேண்டாம் என்றோம். 14 நாடுகளில் 2,088 தீவிர சிகிச்சை நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2021 தொடக்கத்தில் வந்தபோது அதில் இருந்ததும் இதுதான்: பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டெலிரியம் வந்தது, மிடசோலம் வகை மருந்துச் சொட்டு அந்த ஆபத்தைக் கூட்டியது, குடும்பத்தார் நேரிலோ வீடியோவிலோ பார்த்துப் பேசியது குறைத்தது. எங்கள் நோயாளிக்கு மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டோம், கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினோம், இரவு ரத்தம் எடுப்பதை நிறுத்தினோம். வீடியோ அழைப்பில் மனைவியைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார். துளை வழியே மூச்சு போவதால் சத்தம் வரவில்லை. "என்னங்க, சாப்பிட்டீங்களான்னு கேக்குறாரு" என்று மனைவி எங்களுக்குச் சொன்னார்.

தெளிந்த பிறகு இன்னொன்று தெரிந்தது. மற்ற தசைகள் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்க, வலது தோள் மட்டும் பின்தங்கியது. குப்புறப் படுத்திருந்த நேரத்தில் கை மேலே மடங்கிய நிலையில் கிடந்து தோளின் நரம்புப் பின்னல் இழுபட்டிருக்கிறது. பிழைக்கவைத்த சிகிச்சையே தந்த காயம். குப்புறப் படுக்கவைக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையின் நிலையை மாற்றுவதும், அக்குளும் முழங்கை நரம்பும் அழுந்தாமல் தலையணை வைப்பதும் எங்கள் பிரிவில் எழுதப்பட்ட நடைமுறை ஆனது இவருக்குப் பிறகுதான். 33-ம் நாள் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார். 52-ம் நாள் சக்கர நாற்காலியில் வீடு திரும்பினார்.

எண்ணிக்கைகளைப் படிப்பது பற்றி

மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் எத்தனை பேருக்கு நரம்பியல் பாதிப்பு வருகிறது என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள் என்று தோன்றும். வூஹானில் 214 பேரில் 36.4 சதவீதம் என்றது முதல் பெரிய தொகுப்பு. சிகாகோவில் 509 பேரில் 82 சதவீதம். நியூயார்க்கில் 4,491 பேரில் 13.5 சதவீதம். மூன்றும் சரிதான். தலைவலியையும் உடல்வலியையும் வாசனை இழப்பையும் சேர்த்தால் எண் எகிறும். நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்த புதிய பாதிப்பை மட்டும் எண்ணினால் இறங்கும். படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு இந்த மொத்த எண்ணைவிட உதவுவது, வூஹான் தொகுப்பில் சுயநினைவுக் குறைபாடு தீவிர நோயாளிகளில் 14.8, மற்றவர்களில் 2.4 சதவீதம் என்று பிரிந்து நிற்பது. மூச்சு கெடக் கெட மூளையும் கெடுகிறது.

பக்கவாதம் எண்ணிக்கையில் குறைவு, விளைவில் பெரிது. நியூயார்க்கின் இரண்டு மருத்துவமனைகளில் கொரோனாவோடு வந்த 1,916 பேரில் 1.6 சதவீதத்துக்கு மூளை ரத்தக்குழாய் அடைப்பு வந்தது. முந்தைய ஆண்டுகளில் இன்ஃப்ளூயன்சாவோடு வந்த 1,486 பேரில் அது 0.2 சதவீதம். காய்ச்சல் என்றாலே ரத்தம் கொஞ்சம் உறையத்தான் செய்யும் என்ற சமாதானத்தை இந்த ஒப்பீடு அனுமதிக்கவில்லை. 50 வயதுக்குக் குறைந்த ஐந்து பேர் இரண்டே வாரத்தில் பெரிய ரத்தக்குழாய் அடைப்போடு வந்ததும் அதே நகரில்தான்.

வைரஸ் மூளைக்குள் நேரடியாக நுழைகிறதா என்று குடும்பத்தார் எல்லோரும் கேட்பார்கள். எங்கள் நோயாளியின் தண்டுநீரில் அது இல்லை; பெரும்பாலான நோயாளிகளிலும் இப்படித்தான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் மூளையைப் பார்த்தபோது நுண்ணிய ரத்தக்குழாய்கள் மெலிந்து கசிந்திருப்பதைக் கண்டார்கள், வைரஸைக் காணவில்லை. வாசனை போவதுகூட நரம்பணுவைத் தாக்குவதால் வருவது அல்ல. மூக்கின் உள்ளே அந்த நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணையணுக்களில்தான் வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் இருக்கிறது. ஆகவே சேதத்தின் பெரும்பங்கு ரத்தக்குழாயின் உள்சுவர், உறைதல், அழற்சி, ஆக்சிஜன் குறைவு இவற்றிலிருந்து வருகிறது. இவற்றில் பாதியை நாம் கவனித்துக் குறைக்க முடியும் என்பதால் இந்தப் பதிலைக் குடும்பத்துக்கு விளக்க நான் எப்போதும் நேரம் எடுத்துக்கொள்வேன்.

விடுபட்டவை

கேஸ் ஷீட்டின் ஓரத்து வரிக்குத் திரும்புகிறேன். கேட்டதையே கேட்பது, கவனம் நிற்காததன் அடையாளம். டெலிரியத்தின் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுதான், கூச்சல் அல்ல. பெயர், இடம், தேதி கேட்டால் இது பிடிபடாது. மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னால் ஒரு நிமிடத்தில் பிடிபடும். அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கொரோனாவோடு வந்த 817 முதியவர்களில் 28 சதவீதத்துக்கு வரும்போதே டெலிரியம் இருந்தது, அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இல்லை. எங்கள் நோயாளிக்கு 58 வயதுதான். ஆனால் அவருடைய மூளை சேரும் முன்பே தடுமாறிக்கொண்டிருந்தது, அதை மனைவி கண்டுபிடித்துச் சொல்லியும் இருந்தார்.

அன்றே அதை எடுத்திருந்தால் எதை மாற்றியிருப்போம்? நுண்கசிவுகளைத் தடுத்திருப்போம் என்று சொல்ல மாட்டேன். ஆக்சிஜன் அவ்வளவு இறங்கும்வரை காத்திராமல் ட்யூபைத் திட்டமிட்டு முன்கூட்டியே போட்டிருக்கலாம். தினமும் ஒருமுறை, நுரையீரல் அனுமதித்த நாட்களிலாவது, தூக்க மருந்தைக் குறைத்து முகத்தையும் கைகாலையும் பார்த்திருப்போம். கிரியாட்டினின் ஏறிய நாளில் மிடசோலத்தை மாற்றியிருப்போம். அதற்கு மாற்றான தூக்க மருந்து புரோப்போஃபோலுக்கு அன்று தட்டுப்பாடு இருந்தது உண்மை. அளவைக் குறைக்கத் தட்டுப்பாடு தடையாக இருக்கவில்லை. இப்போது எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் காலை ரவுண்ட்ஸில் வென்டிலேட்டர் எண்களுக்கு முன்னால் நான்கு கேள்விகள் கேட்கப்படுகின்றன: கண் திறக்கிறதா, முகம் சுளிக்கிறதா, நான்கு கைகாலும் ஒன்றுபோல் அசைகின்றனவா, நேற்றைவிட என்ன மாறியது. ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஆகிறது.

பின்தொடர்தல்

மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலோடு நடந்து வந்தார். அறிவுத்திறன் சோதனையில் 30-க்கு 22. கடிகாரம் வரையச் சொன்னேன். வட்டம் போட்டார், 12-லிருந்து 8 வரை ஒரே பக்கமாக நெருக்கி எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஏதோ தவறு என்று அவருக்குத் தெரிந்தது, எதுவென்று தெரியவில்லை. பென்சிலை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் வீடு திரும்பிய 45 தீவிர சிகிச்சை நோயாளிகளில் 15 பேரிடம் கவனம், திட்டமிடல் இவற்றில் இதே வகைக் குறைபாடு பதிவானது. வேலையில் அது எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். நீளமான எண் வரிசையை இப்போதும் மனதுக்குள்ளேயே கூட்டிவிடுகிறாராம். நடுவில் போன் அடித்தால் எங்கே விட்டோம் என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறதாம். "கூட்டல் மறக்கல டாக்டர், இடம்தான் மறந்துபோகுது" என்றார்.

ஒரு நேரத்தில் ஒரே வேலை, அரை மணிக்கு ஒருமுறை இடைவெளி, எல்லாவற்றையும் எழுதிவைப்பது என்று தொழில்வழிச் சிகிச்சையாளர் அவருக்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்தார். மனச்சோர்வு இருந்ததால் அதற்கும் சிகிச்சை தொடங்கினோம். ஆறாம் மாதம் மதிப்பெண் 26. கடிகாரத்தில் பன்னிரண்டு எண்களும் அவற்றுக்குரிய இடத்தில் இருந்தன. வலது தோள் தலைக்கு மேல் உயர்ந்தது, பாரம் தூக்க முடியவில்லை. வாசனை பாதிதான் திரும்பியிருந்தது.

அன்று எடுத்த எம்ஆர்ஐயை அவரும் மனைவியும் திரையில் பார்த்தார்கள். வலது முன்மூளை அடைப்பு சிறு தழும்பாகச் சுருங்கியிருந்தது. கரும்புள்ளிகள் அப்படியே இருந்தன. கசிந்த ரத்தத்தின் இரும்பு திசுவில் தங்கிவிடும், பல வருடங்களுக்குப் பிறகும் ஸ்கேனில் தெரியும், புதிதாக எதுவும் சேரவில்லை என்று விளக்கினேன். மனைவி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், சேர்ந்த அன்று ராத்திரி தான் சொன்னதை யாராவது எழுதிவைத்தார்களா என்று கேட்டார். கேஸ் ஷீட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். படித்துவிட்டுத் தலையசைத்தார். ஆஸ்பிரினும் ரத்த அழுத்த மாத்திரையும் தொடர்ந்தன. அடுத்த பரிசோதனையை ஓராண்டு நிறைவுக்கு வைத்தோம்.